பாட்டு வகுப்பு, சாதகம், கிரேடு தேர்வு: பெற்றோர் கேள்விகளுக்கு ஒரு வயலின் ஆசிரியையின் பதில்கள்

திருச்சியில் 26 வருடமாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். நான் படித்தது கர்நாடக சங்கீதம். கடந்த பன்னிரண்டு வருடமாக மேற்கத்திய கிரேடு தேர்வுகளுக்கும் (படிப்படியாக ஏறும் இசைத் தேர்வுகள்) பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்புகிறேன். வாய்ப்பாட்டு, வயலின் பற்றி விரிவாகச் சொல்வேன். கீபோர்டு பற்றித் தேர்வு அளவுக்குச் சொல்ல முடியும். தாளவாத்தியம் என் துறை இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுருதி (தம்புராவின் ஆதார ஒலி) போடாமல் பிள்ளையைச் சாதகம் (வீட்டுப் பயிற்சி) செய்யவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மகளுக்கு ஐந்தரை வயது. வயலினில் சேர்க்கலாமா?

வயதை விடுங்கள். நீங்கள் ஒரு வரி பாடினால் ஏறக்குறைய அதே சுருதியில் திருப்பிப் பாடுகிறாளா? பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காருகிறாளா? இரண்டும் உண்டென்றால் சேர்க்கலாம். இல்லாவிட்டால் ஒரு வருடம் வாய்ப்பாட்டில் விடுங்கள், காது பழகட்டும். வயலினை அளவு பார்த்து வாங்குங்கள். இடது கையை நீட்டிப் பிடிக்கும்போது வயலினின் சுருள் முனை உள்ளங்கைக்குள் வர வேண்டும். "வளரும் பிள்ளைதானே" என்று முழு அளவு வாங்கித் தந்தால் தோளைத் தூக்கித் தூக்கி வாசித்து, அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிடும்.

எட்டு வயது மகன். வகுப்பில் தினமும் அரை மணி நேரம் சாதகம் செய்யச் சொல்கிறார்கள். ராத்திரி ஏழரைக்கு உட்காரச் சொன்னால் அழுகிறான். இரண்டு தடவை அடித்தும்விட்டேன். என்ன செய்வது, டீச்சர்?

அடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நாற்பது வயதுக்குமேல் என்னிடம் கற்க வந்தவர்களில் சிலருக்கு, சரளி வரிசையை, அதாவது முதல் ஸ்வரப் பயிற்சியைத் தொடங்கியதும் முகம் மாறும். சின்ன வயதில் வாங்கிய அடி அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது நேரம். எட்டு வயதுக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் வாரத்தில் ஆறு நாள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சேர்த்துவைத்து இரண்டு மணி நேரம் செய்தால் கையும் தொண்டையும்தான் வலிக்கும். ராத்திரி ஏழரை என்பது பிள்ளை களைத்திருக்கிற நேரம். காலையில் பால் குடித்த பிறகு, வேன் வருவதற்கு முன் உட்காரவைத்துப் பாருங்கள். மணியைப் பார்த்து அழைப்பதைவிட, தினமும் நடக்கிற ஒரு காரியத்தை ஒட்டி வைத்தால் பழக்கம் சீக்கிரம் வரும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன செய்வது? முதல் இரண்டு நிமிடம் தம்புராவைப் போட்டு ஸ, ப, மேல் ஸ. வேறெதுவும் வேண்டாம். அப்புறம் நன்றாகத் தெரிந்த ஒன்று. அப்புறம் தடுக்குகிற இடம். அந்த இடத்தை மட்டும் எடுங்கள். பிள்ளைகள் எப்போதும் முதலிலிருந்தே தொடங்குவார்கள், அதே இடத்தில் தடுக்கும், திரும்பவும் முதலிலிருந்து வருவார்கள். இப்படி அரை மணி நேரம் போனாலும் தடுக்கிற அந்த நான்கு ஸ்வரத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைத்திருக்காது.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தப்பைச் சொல்ல வேண்டாம், அது ஆசிரியர் வேலை. தாளம் போடுங்கள். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. முதல் காலத்தில் (மெதுவான வேகம்) ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. ஸ்வரம்தான் நெருங்கும், தாளம் நகரக்கூடாது. பிள்ளைகள் இரண்டாம் காலம் வந்ததும் தாளத்தையும் சேர்த்து ஓட்டிவிடுவார்கள். கேட்டால் வேகமாகப் பாடுகிற மாதிரி இருக்கும், ஆனால் காலம் மாறியிருக்காது.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தார். சங்கீதம் எதுவும் தெரியாது. ஒருநாள் வகுப்பு வாசலில் நின்று தாளம் போடக் கற்றுக்கொண்டார். கிரீஸ் போகாத விரல்களால் தினமும் காலையில் தொடையில் தட்டிக்கொண்டு மகள் பக்கத்தில் உட்காருவார். அந்தப் பெண்ணுக்குக் காலப்பிரமாணம் (தாளத்தின் சீரான வேகம்) கடைசிவரை அசையவே இல்லை.

எங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்கள். என் மகளுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை, கத்துகிறாள்.

கட்டை என்பது ஆதார சுருதியின் உயரம். அதைக் குறைத்துக் கேட்டுவாங்குங்கள். ஐந்தரை என்பது ஜி ஷார்ப். ஐந்துக்கோ நாலரைக்கோ இறங்கினால் மேல் ஸ இயல்பாக வரலாம். கழுத்து நரம்பு புடைத்தாலோ, மோவாய் மேலே தூக்கினாலோ அந்தக் கட்டை அவளுக்கு ஒத்துவரவில்லை. குழுவில் மாற்ற முடியாது என்றால் வீட்டுச் சாதகத்தையாவது அவள் கட்டையில் வையுங்கள். மூன்று வாரத்துக்குமேல் தொண்டை கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், என்னிடம் கேட்க வேண்டாம்.

மகன் 13 வயது. குரல் உடைகிறது. ஆறு மாதம் நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். கட்டையை இறக்கி, மத்திய ஸ்தாயிக்குள் மெதுவாகப் பாடட்டும். மேல் ஸ்தாயியை எட்டிப் பிடிக்கவிடாதீர்கள். பாட முடியாத நாளில் சுருதி போட்டுக்கொண்டு தாளத்தோடு ஸ்வரத்தைச் சொல்லட்டும், கேட்கட்டும். இந்த வயதில் நிறுத்திய பையன்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

மகன் 10 வயது, பியானோவில் கிரேடு 4 முடித்துவிட்டான். வருடத்துக்கு ஒன்றரை கிரேடு என்று போனால் 13 வயதில் கிரேடு 8. நடுவில் கிரேடு தாண்டலாமா? வெளிநாட்டுக் கல்லூரிக்கு உதவுமா?

தாண்டலாம். இந்தத் தேர்வுகளை நடத்துகிற ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி என்ற பிரிட்டன் அமைப்புகள் இரண்டிலும் வரிசையாக எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏபிஆர்எஸ்எம்மில் 6-ஆம் கிரேடுக்குப் போகும்முன் 5-ஆம் கிரேடு தியரி (இசைக் கோட்பாட்டுத் தேர்வு) அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கிற தேர்வு முடித்திருக்க வேண்டும்; டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. பிரிட்டன் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான புள்ளிக் கணக்கில் 6 முதல் 8 வரையிலான கிரேடுகள் சேரும்.

ஆனால் தாண்டலாமா என்று என்னைக் கேட்டால், அவனுடைய மதிப்பெண் தாளை எடுத்து முதலில் சைட் ரீடிங் (முன்பு பார்க்காத நோட்ஸை அங்கேயே வாசிப்பது), காதுப் பயிற்சி (காதால் கேட்டுப் பதில் சொல்வது) இரண்டு வரியையும் பாருங்கள். எவ்வளவு இருக்கிறது?

(அதே அப்பா) மொத்தம் 124, மெரிட். சைட் ரீடிங் 11, காதுப் பயிற்சி 10. ஆனால் பாட்டுகளில் 28, 28, 27!

(இன்னொருவர்) நம் சங்கீதத்துக்குத் தேர்வே தேவையில்லை. குரு சொன்னால் மேடை ஏறலாம். இந்த கிரேடு எல்லாம் பெற்றோர் பெருமைக்குத்தான்.

(அதே அப்பா) தேர்வு இல்லாவிட்டால் என் மகன் பியானோ பக்கமே போகமாட்டான், சார். பெருமை இல்லை. ஒரு தேதி இருந்தால்தான் உட்காருகிறான்.

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். இதற்கு நான் முழுசாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஏபிஆர்எஸ்எம்மில் நேரில் வாசிக்கும் தேர்வின் மொத்தம் 150. மூன்று பாட்டுக்குத் தலா 30, ஸ்கேலுக்கு (ஸ்வரங்களை ஏற்ற இறக்கமாக வாசிப்பது) 21, சைட் ரீடிங்குக்கு 21, காதுப் பயிற்சிக்கு 18. பாஸ் 100, மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130. இப்போது கணக்குப் போடுங்கள். பாட்டுக்கு 27 வீதம் வாங்கினால் 81. ஸ்கேலில் 14 வந்தால் 95. மீதி இரண்டிலும் சேர்த்து 39-க்கு 5 எடுத்தாலே பாஸ். உங்கள் மகனுக்குப் பாட்டில் மட்டும் 83 வந்திருக்கிறது. சைட் ரீடிங்கில் 14, காதுப் பயிற்சியில் 12 என்பதுதான் தேறிய அளவு. அவன் இரண்டிலும் அதற்குக் கீழே இருக்கிறான். 124 என்ற எண்ணைப் பார்த்தால் இது தெரியாது.

அதாவது வருடம் முழுக்க மூன்று பாட்டு வாசித்திருக்கிறான். விரல் மனப்பாடமாகிவிட்டது. நாலாவது பாட்டை முன்னால் வைத்தால் எழுத்துக்கூட்டுவான். இதே மாதிரி ஒரு பெண் வேறொரு வகுப்பில் 5-ஆம் கிரேடு டிஸ்டிங்ஷனோடு முடித்துவிட்டு என்னிடம் வயலினுக்கு வந்தாள். நான் இரண்டு வரித் தாலாட்டை முனகினேன், காதால் கேட்டு வாசி என்றேன். வில்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நோட்ஸ் இருக்கா, மிஸ்?" என்றாள். கண்ணில் தண்ணீர். அந்தப் பெண்மேல் எந்தத் தப்பும் இல்லை.

தேர்வு வேண்டாம் என்கிற ஐயாவுக்கும் சொல்கிறேன். நம் பக்கத்திலும் இதே நோய் உண்டு. இருபது வர்ணம் (கீர்த்தனைக்கு முன் கற்கும் பயிற்சிப் பாட்டு) முடித்த பிள்ளையிடம் "சரணத்தில் இரண்டாவது ஸ்வரத்திலிருந்து எடு" என்றால், பல்லவியிலிருந்து ஓடிவந்தால்தான் அந்த இடம் வரும். அங்கே எந்தத் தேர்வும் நடக்கவில்லையே. எனவே தேர்வு குற்றவாளி இல்லை. தேர்வின் பாடத்திட்டத்தையே வருடப் பாடமாக ஆக்கியதுதான் குற்றம். ஒரு தேதி இருந்தால் உட்காருகிற பிள்ளைக்கு அந்தத் தேதி நல்லதுதான், அதை நான் பிடுங்கமாட்டேன்.

என் வகுப்பில் தேர்வுப் பாட்டைத் தேர்வுக்கு நாலு மாதம் முன்னால்தான் எடுப்பேன். மீதி எட்டு மாதம் கிரேடுக்கு இரண்டு படி கீழே உள்ள சின்னச் சின்னப் பாட்டுகள், வாரத்துக்கு ஒன்று, புதிது. தினமும் ஐந்து நிமிடம் காதால் கேட்டு வாசிப்பது. உங்கள் மகனுக்கும் ஒரு வருடம் இதைச் செய்யுங்கள், தாண்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். நான்கு பாட்டைப் பதிவுசெய்து அனுப்புகிற பெர்ஃபார்மன்ஸ் கிரேடுக்கு மாற்றிவிடாதீர்கள். அதில் ஸ்கேல், சைட் ரீடிங், காதுப் பயிற்சி மூன்றுமே கிடையாது. உங்கள் மகனுக்கு எது குறைகிறதோ அதை மறைத்துவிடும்.

ஏழு வயது மகள். எத்தனை நிமிடம் சாதகம் செய்ய வேண்டும்?

மேலே எட்டு வயதுப் பையனுக்குச் சொன்னதைப் படியுங்கள். உங்கள் மகளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். சுருதி போட்டு.

61 கீ கீபோர்டு வாங்கினோம். இப்போது வகுப்பில் பியானோ கிரேடுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பியானோ தேர்வுக்குக் கனமான கீகள் உள்ள 88 கீ வாத்தியத்தில் பழக வேண்டும். கீபோர்டுக்கென்று தனித் தேர்வு டிரினிட்டியில் உண்டு, ஏபிஆர்எஸ்எம்மில் இல்லை. பணம் கட்டும்முன் விண்ணப்பத்தில் எந்த வாத்தியம் என்று போட்டிருக்கிறார்கள் என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

கீபோர்டிலேயே கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ளலாமா?

ஸ்வரஸ்தானம் தெரிந்துகொள்ளலாம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, வராது. கமகம் இல்லாத தோடி ராகம் தோடியாக இருக்காது. பக்கத்திலேயே வாய்ப்பாட்டும் கற்கட்டும்.

சிங்கப்பூரில் இருக்கிறோம். சென்னை ஆசிரியரிடம் ஜூமில் வகுப்பு. ஆசிரியர் போடுகிற தம்புரா விட்டுவிட்டுக் கேட்கிறது.

சுருதி உங்கள் பக்கம் ஒலிக்க வேண்டும், ஆசிரியர் பக்கம் இல்லை. இணையத்தில் குரல் தாமதமாக வரும். அதனால் இரண்டு பேரும் சேர்ந்து பாட முயல வேண்டாம். ஆசிரியர் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி. ஜூம் தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். ஒலி அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று இருக்கும், அதை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளுங்கள்.

மிருதங்கத்துக்கு எந்த வயதில் சேர்க்கலாம்?

மிருதங்க வித்வானிடம் கேளுங்கள்.

சரளி வரிசை போர் அடிக்கிறது என்கிறாள். நேராகப் பாட்டுக்குப் போகலாமா?

கூடாது. சரளி வரிசையைப் பாடுகிற மாயாமாளவகௌளை ராகத்தில் ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ நான்கும் ஒட்டி ஒட்டி நிற்கும். கீழ்ப் பாதியும் மேல் பாதியும் ஒரே அச்சு. அதனால் பிள்ளைக்குப் பிடிபடும். சரளியை அகாரத்தில் ('ஆ' என்று இழுத்து) பாடட்டும், தாளத்தை மாற்றிப் போடட்டும், நீங்கள் பாடியதற்கு ஸ்வரம் சொல்லட்டும். சின்ன பக்திப் பாட்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் வரிசையை விட வேண்டாம்.

எத்தனை நிமிடம் சாதகம் வேண்டும் என்று சொல்ல முடியுமா, மேடம்? மகனுக்கு 9 வயது.

இருமுறை சொல்லிவிட்டேன், தயவுசெய்து மேலே பாருங்கள்.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. ஒரு வருடம் நிறுத்துகிறோம்.

வகுப்பை மாதம் இரண்டாகக் குறையுங்கள், தேர்வைத் தள்ளிப்போடுங்கள். தினமும் பத்து நிமிடம் மட்டும் விடாதீர்கள். வயலினை வருடக்கணக்கில் பெட்டியில் வைத்தால் தந்தியைத் தாங்குகிற குதிரை சாய்ந்து, வில் முடி இழுபட்டிருக்கும். வாசிக்காத நேரத்தில் வில்லைத் தளர்த்திவையுங்கள்.

டீச்சர், நானே கேட்கிறேன். எனக்கு 12 வயது. நாளைக்கு வயலின் கிரேடு 3. கை நடுங்குகிறது. அம்மா இன்னும் பத்துத் தடவை வாசிக்கச் சொல்கிறார்கள்.

இன்றைக்கு ஒவ்வொரு பாட்டையும் மெதுவாக ஒரே தடவை வாசி, கண்ணு. பெட்டியை மூடிவிட்டுத் தூங்கு. அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல். நாளைக்கு அரை மணி முன்னால் போ, வயலின் அந்த அறைக் குளிருக்குப் பழகட்டும், அப்புறம் சுருதி சேர். உள்ளே போனதும் முதல் பாட்டின் முதல் இரண்டு பாரை மனசுக்குள் பாடிவிட்டு வில்லை வை. கை நடுங்கினால் வில் நுனியில் வாசிக்காதே, நடுவில் வாசி, அங்கே நடுக்கம் குறைவாகத் தெரியும். முடிந்ததும் எழுது, காத்திருப்பேன்.