குண்டு இலக்கில் பக்கவாட்டில் பதிகிறது: குழல் கெட்டுவிட்டதா?

கேள்வி: என் .223 ரெமிங்டன் ரைபிளில் 600 மீட்டர் காகித இலக்கைச் சுட விரும்புகிறேன். 'எடை கூடினால் தூரம் கூடும்' என்று சொல்லி விற்பனையாளர் 77 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் சிறிய அலகு) குண்டு கொண்ட தோட்டாக்களைத் தந்தார். 100 மீட்டரிலேயே வட்டத் துளைக்குப் பதில் நீளமான கிழிசல் விழுகிறது. குழல் கெட்டுவிட்டதா?

பதில்: குழலில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. விற்றவர் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை: உங்கள் குழலின் முறுக்கு என்ன?

குழலின் உட்புரி, அதாவது உட்சுவரில் செதுக்கிய சுருள் பள்ளங்கள், குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. அது எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதே முறுக்கு. குண்டு நீளமாக ஆக, வேகமான சுழற்சி தேவை. பழைய .223 ரைபிள்கள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். அது 55 கிரெயினுக்குப் போதும். 77 கிரெயினுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது வேண்டும். போதாவிட்டால் குண்டு தலைகுப்புறப் புரளும்.

நீங்களே அளந்து பாருங்கள். ரைபிள் காலியாக இருப்பதை இரண்டு முறை உறுதிசெய்யுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். கம்பியில் போட்ட அடையாளம் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் எத்தனை அங்குலம் நகர்ந்தது என்பதே முறுக்கு. இந்த எண்ணை எல்லாக் குழல்களிலும் பொறிக்க உற்பத்தியாளர்களுக்கு என்ன தடை? தேவையான முறுக்கைத் தோட்டாப் பெட்டியிலும் அச்சிட்டிருந்தால் உங்கள் பணம் வீணாகியிருக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எடையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நீளமே தீர்மானிக்கிறது. முழுக்கச் செம்பால் ஆன குண்டு, ஈயக் குண்டின் அதே எடையில் அதைவிட நீளமாக இருக்கும், ஏனென்றால் செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே '55 கிரெயின்தானே' என்று செம்புக் குண்டை வாங்கினாலும் உங்கள் குழலில் அது தடுமாறலாம். குளிர்ந்த, அடர்ந்த காற்று இந்தத் தடுமாற்றத்தை இன்னும் கூட்டும்.

காற்றை ஊடுருவும் திறன் என்று பெட்டியில் பெரிய எண்ணைக் காட்டுபவர்களையும் நம்பாதீர்கள். அந்தத் திறனை இரு மாதிரிக் குண்டு வடிவங்களோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள்: ஜி1, ஜி7. ஜி1 அளவில் சொன்னால் அந்த எண் ஜி7 அளவைப்போல ஏறத்தாழ இரு மடங்காகத் தெரியும். குண்டு ஒன்றேதான். எந்த அளவு என்று சொல்லாமல் விற்பவரிடம் வாங்க வேண்டாம். பெட்டியில்லாமல் உதிரியாகத் தரப்படும் தோட்டாக்களையும், .223 என்று மட்டும் பொறித்த குழலுக்கு, பார்க்க அதேபோல இருக்கும் ராணுவ வகையான 5.56 தோட்டாவையும் தொடவே வேண்டாம். சுடும்போது துப்பாக்கிக்குள் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரலாம்.

முறுக்கு 12 என்று தெரிந்தால், 55 கிரெயின் ஈயக் குண்டோடு 300 மீட்டர் வரை சுடுங்கள். 600 மீட்டரில் பக்கக் காற்று அதை வெகுவாகத் தள்ளிவிடும். அந்தத் தூரம்தான் வேண்டுமென்றால், தகுதியுள்ள துப்பாக்கித் தொழிலாளியிடம் 8 அங்குல முறுக்குள்ள குழலைப் பொருத்துங்கள். வேறு தோட்டா வாங்கிப் பயனில்லை. கையிலுள்ள 77 கிரெயின் தோட்டாக்களில் ஒன்றைக்கூட இனிச் சுடாமல் திருப்பிக் கொடுங்கள்.