கோவையில் 25 ஆண்டு பழைய வீட்டை விற்கப் போகிறோம். அட்டாலி (பரண்) முழுக்கச் சாமான். பெரியவர்கள் எதையும் தூக்கிப் போட விடுவதில்லை. ஒழித்துக் காட்டினால் விலை கூடுமா?

விலை கூடாது. அந்த வயது வீட்டுக்குக் கோவையில் பெரும்பாலும் மண்ணுக்குத்தான் மதிப்பு. சென்ட் என்ன விலை என்றுதான் பேச்சே தொடங்கும். ஆனால் ஒழித்துவிட்டால், பேரத்தில் குறைக்க வாங்க வருகிறவர்களுக்குக் காரணம் கிடைக்காது. நான் ஒழிக்கச் சொல்வது அதற்காகத்தான்.

வடவள்ளியில் என் மாமனார் வீட்டை விற்றபோது, பின்பக்கச் சுவரோரம் நீல டிரம்கள் வரிசையாக நின்றன. சிறுவாணித் தண்ணீர் நாள் தள்ளி வந்த ஒரு கோடையில் வாங்கியவை. பிறகு நிலத்தடித் தொட்டி கட்டினோம், போர் போட்டோம். டிரம்கள் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. பார்க்க வந்த ஒருவர் வீட்டுக்குள் நுழையும் முன்பே அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் தண்ணீர்க் கஷ்டம் போலிருக்கிறதுங்களே" என்றார். நாம் என்ன விளக்கம் சொன்னாலும் அதற்குப் பிறகு எடுபடாது. அடுத்தவர் வருவதற்குள் டிரம்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை நாங்களே முந்திக்கொண்டு சொன்னோம். அதை மறைக்கவும் கூடாது, மறைத்தால் பக்கத்து வீட்டில் விசாரித்துவிடுவார்கள்.

ஆகவே அட்டாலியில் தொடங்காதீர்கள். வடகிழக்கு மூலையில் தொடங்குங்கள். உங்களுக்கு வாஸ்துவில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வருகிறவர் கண் முதலில் ஈசானியத்துக்குத்தான் போகும். அங்கே பழைய கிரைண்டரும் சாக்கு மூட்டையும் கிடந்தால் முகம் சுருங்கிவிடும். அடுத்து பீரோ, கட்டில், அலமாரி ஆகியவற்றைச் சுவரைவிட்டு நகர்த்திப் பாருங்கள். ஈரக்கசிவோ கரையான் மண்ணோ இருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள். முன்பணம் பேசும் நேரத்தில் அதை அவர்கள் கண்டுபிடித்தால், பெயின்ட் செலவைப் போல இரண்டு பங்கு கழிப்பார்கள்.

முன்னறையில் மாலை போட்ட படங்கள் இருந்தால் அவற்றை மட்டும் உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள். பூஜை அறையில் கைவைக்க வேண்டாம்; விளக்கு எரியும் வீட்டைத்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அத்தை எதைத் தொட்டாலும் "இருக்கட்டும் கண்ணு, ஒரு விசேஷத்துக்கு ஆகும்" என்பார். விசேஷங்களெல்லாம் மண்டபத்துக்குப் போய் எவ்வளவு காலமாயிற்று! அட்டாலியில் அண்டா, தவலை, குத்துவிளக்கு, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய எவர்சில்வர் போசிகள். பாதியில் அத்தையின் பெயர் புள்ளி புள்ளியாகப் பொறித்திருந்தது. மீதியில் நங்கையாவின், அதாவது அத்தை மகளின் பெயர்; அவர் சீரில் வந்து, கொண்டுபோகாமல் விட்டவை. இங்கேதான் சண்டை வரும். பெயர் வெட்டிய பாத்திரத்தை யாரையும் கேட்காமல் எடைக்குப் போட்டால் பத்து வருடம் பேசுவார்கள். புரோக்கரைக் கூப்பிடும் முன் வீட்டுப் பெண்களைக் கூப்பிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து, அவரவர் பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். மிச்சத்தைப் பாத்திரக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கழிவு எவ்வளவு பிடிப்பார்கள் என்று நாலு கடையில் கேளுங்கள். பித்தளையைப் பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். அத்தைக்கு ஒரு அண்டாவை மட்டும் விட்டுக்கொடுத்தோம். அது புது வீட்டில் பால்கனியில் செடி வளர்க்கிறது, அவருக்கும் நிம்மதி.

ஆட்டுக்கல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தூக்க ஆள் கூலிதான் அதிகம். வாங்குபவரே கேட்டு வைத்துக்கொள்வதும் உண்டு.

எப்போது செய்வது என்று கேட்டால், ஆடியில். அந்த மாதம் வீடு பார்க்க வருகிறவர் குறைவு, மார்கழியும் அப்படித்தான். ஆடியில் ஒழித்து வெள்ளையடித்துவிட்டால், ஆவணி பிறந்ததும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள்.

ஒன்றில் மட்டும் அவசரம் வேண்டாம்: காகிதம். பழைய பேப்பர்காரரிடம் கொடுக்கும் முன் ஒவ்வொரு பையையும் சூட்கேஸையும் நீங்களே உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். தாய்ப்பத்திரம், வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் எல்லாம் இப்படித்தான் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே கிடக்கும். சொத்தின் மீது என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தொலைந்த அசல் பத்திரத்துக்குக் காவல் நிலையம், பத்திரிகை விளம்பரம் என்று அலைய வேண்டும். வீட்டுக் கடன் அடைத்த காகிதம் கிடைத்தால், வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வங்கியிலிருந்து கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். வாங்குபவர் வங்கிக் கடனில் வருகிறவர் என்றால், அவருடைய வக்கீல் முதலில் விரல் வைக்கும் இடம் அதுதான்.