தக்கலை நண்பருக்கு: கருவித்தொகுப்பைத் தனியே பிரித்து வையுங்கள்

வணக்கம் நண்பரே. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிக்குச் சொந்தமாக லினக்ஸ் கட்டுகிறீர்கள். கட்டிய நிரலின் பைல் கண்முன்னே இருந்தும், அதை ஓட்டினால் ‘அப்படி ஒரு பைல் இல்லை’ என்று வருகிறது என எழுதியிருந்தீர்கள். காணாமல் போனது உங்கள் நிரல் இல்லை, அதையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் நினைவகத்தில் ஏற்றிவிடும் டைனமிக் லோடர். நிரல் பைலின் உள்விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் (readelf -l) கட்டளையை ஓட்டி, அதில் லோடரின் பாதையைச் சொல்லும் ‘இன்டர்பிரட்டர்’ வரியைப் பாருங்கள். அதில் உங்கள் லேப்டாப்பின் டூல்ஸ் (/tools) அடைவின் பாதை இருந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த அடைவுதான் ராஸ்பெர்ரி பையில் கிடையாதே.

கட்டப் பயன்படும் கருவித்தொகுப்பும், ராஸ்பெர்ரி பையில் ஓடப்போகும் அடிப்படை அமைப்பும் ஒரே இடத்தில் கலந்ததால் வந்த வினை இது. வீடு முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவோம் இல்லையா? கருவித்தொகுப்பும் அந்தச் சாரம் மாதிரிதான். கிராஸ் பின்யூட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்கர்), ஜிசிசி (கம்பைலர்) இரண்டும் ராஸ்பெர்ரி பைக்கான நிரலை உருவாக்கினாலும், உங்கள் லேப்டாப்பில் ஓடுபவை. அவற்றுக்குத் தனி ப்ரிஃபிக்ஸ், அதாவது நிறுவும் அடைவு, கொடுங்கள். கர்னல் ஹெடர்கள், ஜிலிப்சி (அடிப்படை சி நூலகம்) எல்லாம் சிஸ்ரூட்டுக்குள், அதாவது ராஸ்பெர்ரி பையின் கோப்பமைப்பு உருவாகும் அடைவுக்குள், போகட்டும். ஜிலிப்சியின் ப்ரிஃபிக்ஸ் வெறும் யுஎஸ்ஆர் (/usr) தான். சிஸ்ரூட் பாதையை, நிறுவும்போது மட்டும், டெஸ்ட்டிர் (DESTDIR) என்ற மாறி வழியாகக் கொடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

கட்டும் வரிசை: பின்யூட்டில்ஸ், முதல் சுற்று ஜிசிசி, கர்னல் ஹெடர்கள், ஜிலிப்சி, அப்புறம் சி++ நூலகம்.

முடிந்த கருவித்தொகுப்பை உடனே டார் (tar) கட்டளையால் ஒரே பைலாகக் கட்டி வையுங்கள். நாகர்கோவிலில் ஐப்பசி மழையில் கரண்ட் போய் என் அடிப்படை அமைப்பு பாதியில் கெட்டது. அதை மட்டும் அழித்துவிட்டு, கம்பைலரைத் தொடாமலே மறுபடி கட்டினேன்.

இந்த வரிசையில் திரும்பக் கட்டி, உங்கள் நிரலையும் மறுபடி கம்பைல் செய்துவிட்டு, அந்த இன்டர்பிரட்டர் வரியை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.