எதிராளியின் ரேட்டிங்கும் நம் கைநடுக்கமும்: சதுரங்கக் கேள்வி பதில்

(போட்டிப் பயத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்துவரும் பயிற்சியாளர் ஒருவர் அளித்த பதில்கள்.)

கேள்வி: ஐயா, எனக்கு 16 வயது, ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1600. எதிராளிக்கு 1800 என்று தெரிந்த உடனேயே பாதி தோற்றுவிடுகிறேன். என்ன செய்வது?

தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். 200 புள்ளி இடைவெளி இருக்கும்போது, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணைப்படி உங்களிடம் எதிர்பார்க்கப்படுவது ஆட்டத்துக்கு 0.24 புள்ளிதான் (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை). உங்கள் வயதுக்கும் ரேட்டிங்குக்கும் பெருக்கு எண் (எதிர்பார்ப்புக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் எண்) 40 என்பதால், தோற்றால் ரேட்டிங்கில் 9.6 புள்ளி குறையும். டிரா செய்தால் 10.4 கூடும், வென்றால் 30.4 கூடும். நெஞ்சு பதறுவது பத்துப் புள்ளிகூட இல்லாத ஓர் இழப்புக்காக.

பயம் போர்டில் செய்யும் கெடுதல் இதைவிடப் பெரியது. பலமான ஆட்டக்காரரைக் கண்டு பயந்த பிள்ளைகள், காய்களை வெட்டிக் குறைத்துவிட்டால் டிரா கிடைத்துவிடும் என்று நம்பி, நன்றாக நிற்கும் குதிரையைக்கூட எதிராளியின் மூலையில் முடங்கிக் கிடக்கும் மந்திரிக்குக் கொடுத்துவிடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். காய்கள் குறைந்த இறுதியாட்டத்தில்தான் அனுபவமுள்ளவரின் கை ஓங்கும் என்பதால், பயந்தவர் தாமாகவே எதிராளியின் வீட்டுக்கு நடந்து போகிறார். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் முன்பு, 1400 ரேட்டிங் உள்ளவர் எதிரே இருந்தாலும் இதை வெட்டுவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் கை நடுங்குகிறது, அழுகிறாள். போட்டிகளுக்கு அனுப்புவதை நிறுத்திவிடலாமா?

வேண்டாம் அம்மா. போட்டிக்கு உடல் ஆயத்தமாகும்போது நெஞ்சு படபடப்பதும் விரல் நடுங்குவதும் இயல்பு. அதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் முன்னதாக அழைத்துச் சென்று, காய்களை ஒவ்வொன்றாகக் கட்டத்தின் நடுவில் நேராக வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஆட்டத்தாளில் பெயரையும் சுற்று எண்ணையும் நிதானமாக எழுதட்டும். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கும்.

இன்னொன்றையும் மனம் வருந்தாமல் கேளுங்கள். ஆட்டம் முடிந்து வெளியே வரும் குழந்தை, வாசலில் நிற்கும் அம்மாவின் முகத்தைத்தான் முதலில் தேடுகிறது. அந்த நொடியில் "ஜெயிச்சியா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்த இடத்துல ரொம்ப யோசிச்ச?" என்று கேட்டுப் பாருங்கள். அவளுடைய பயத்தில் ஒரு பங்கு உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதாக இருக்கலாம்.

கேள்வி: பதற்றத்தில் அவசரப்பட்டு நகர்த்திவிடுகிறேன். நகர்த்தலை முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஆடலாமா?

கூடாது. முன்பு அப்படிப் பழக்கியவர்கள் உண்டு. இன்றைய ஃபிடே விதிப்படி நகர்த்திய பிறகுதான் எழுத வேண்டும். யோசிக்கும்போது இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு சுற்றில் தோற்றால் மீதிச் சுற்றுகளும் போய்விடுகின்றன. இதிலிருந்து எப்படி மீள்வது?

2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த பெண்கள் கேண்டிடேட்ஸ் போட்டியில் (உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) நம் சென்னை வீராங்கனை வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றார். அதன் பிறகு கடைசி ஐந்து ஆட்டங்களையும் வென்று, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவரானார். அடுத்த சுற்றுக்கு முன் தோற்ற ஆட்டத்தை முழுவதுமாக அலசாதீர்கள். தவறு நேர்ந்த ஒரே ஒரு நகர்த்தலைக் குறித்துவைத்து, சாப்பிட்டு, சற்று நடந்துவிட்டு வாருங்கள். அலசல் வீட்டில் நடக்கட்டும்.

கேள்வி: நான் மேலோங்கியிருக்கும் நிலையிலும் பயந்து டிரா கேட்டுவிடுகிறேன். இது ஏன்?

டிரா கேட்டால் வெற்றி போகும், ஆனால் படபடப்பு அந்த நிமிடமே நிற்கும். மனம் அந்த நிம்மதியைத் தேடுகிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷுக்கும் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரெனுக்கும் இடையே நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டத்தை எடுத்து ஆடிப் பாருங்கள். குகேஷின் கையில் ஒரே ஒரு சிப்பாய் அதிகம், பார்த்தவர்கள் பெரும்பாலும் டிரா என்றே நினைத்த நிலை. குகேஷ் அந்தச் சிறு சங்கடத்தை டிங்குக்கு விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். 18 வயதில் உலகப் பட்டம் குகேஷுக்குக் கிடைத்தது. அடுத்த முறை டிரா என்ற சொல் நாக்கு நுனிக்கு வரும்போது, கடிகாரத்தில் இரண்டு நிமிடம் செலவழித்து, எதிராளிக்குச் சங்கடம் தரும் ஒரு நகர்த்தலைத் தேடுங்கள். அது கிடைத்தால் ஆடிவிடுங்கள்.