விரலில் 98, தலையில் வலி

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 61, சொந்த ஊர் கும்பகோணம். ஜப்பானில் உத்சுனோமியா என்ற ஊரில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். மருமகளுக்கு இது ஆறாம் மாதம். பழைய மரவீடு, குளிர் தாங்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பிய நண்பர் ஒருவர் விட்டுப்போன மண்ணெண்ணெய் ஹீட்டரைத்தான் போட்டுக்கொள்கிறோம்; திரி வைத்தது. காற்று வராமல் இருக்க ஜன்னல் இடுக்கையெல்லாம் மகன் டேப் போட்டு ஒட்டிவிட்டான். இரண்டு வாரமாகக் காலையில் எழுந்தால் தலை கனக்கிறது, குமட்டுகிறது. மருமகளுக்கும் அப்படியே, போன மசக்கை திரும்பி வந்துவிட்டது என்கிறாள். கடைக்கு நடந்து போய் வந்தால் இருவருக்கும் சரியாகிவிடுகிறது. மகனுக்கு ஒன்றும் இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மெஷின் 98 காட்டுகிறது, பயப்படாதீர்கள் என்கிறான். நான் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். அதனாலா, பனியாலா? ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, சுவரில் கறுப்புப் புள்ளி வருகிறது. துணி காய்வதே இல்லை என்று ஹீட்டருக்கு மேலே கொடி கட்டியிருக்கிறோம். குழந்தை பிறந்த பிறகு இதே ஹீட்டரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே மூன்று வரியில் பதில் அனுப்பினேன்: ஹீட்டரை அணையுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், இருவரும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போய் வந்துவிட்டதாகவும் வயிற்றில் இருக்கும் குழந்தை நலம் என்று சொல்லிவிட்டதாகவும் உங்கள் மகன் எழுதியிருந்தார். நல்லது. இனி ஆற அமரப் பேசலாம்.

இது பனியும் அல்ல, பி.பி. மாத்திரையும் அல்ல. சில பி.பி. மாத்திரைகள் தலைவலி கொடுக்கும்தான். ஆனால் அந்தத் தலைவலி கடைக்கு நடந்து போனால் விட்டுப்போகாது. அதோடு, அந்த மாத்திரையைச் சாப்பிடாத மருமகளுக்கும் ஏன் அதே நேரத்தில் வலிக்க வேண்டும்? ஒரே வீட்டில் இருவருக்கு ஒரே மாதிரி தலைவலி, குமட்டல், காய்ச்சல் இல்லை, வெளியே போனால் சரியாகிறது, பகலெல்லாம் ஆபீஸில் இருக்கும் மகனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. கடிதத்தில் நீங்களே நோயைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள், பெயர் மட்டும்தான் தெரியவில்லை. கார்பன் மோனாக்சைடு. மண்ணெண்ணெய் அரைகுறையாக எரியும்போது வரும் வாயு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ஹீட்டரில் வரும் நெடி வேறு. நெடியே இல்லாத அறையிலும் இது இருக்கலாம்.

அந்த 98-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த மெஷின் அது. அப்போது உயிர் காத்தது, அதனால் எல்லோருக்கும் அதன் மேல் ஒரு பக்தி. நம்மூர் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, கார்பன் மோனாக்சைடு செய்வது அதைத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடம் ஹீமோகுளோபின். அந்த இடத்தை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயு பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் கூடவே நின்றாலும் சீட் கிடைக்காது. விரல் மெஷின் வெளிச்சத்தைப் பாய்ச்சி ரத்தத்தின் நிறத்தை வைத்துக் கணக்குச் சொல்லும் கருவி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் சிவப்பு, மோனாக்சைடு ஏறியதும் சிவப்பு. துண்டு கிடக்கிறதா, ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. எல்லாம் நிரம்பிவிட்டது என்று 98 போட்டுவிடும். ஆகவே இந்த விஷயத்தில் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ரத்தத்தை எடுத்து, மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தனியாகப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல். ‘அளவு குறைவாகத்தான் இருந்தது, அப்படியென்றால் ஹீட்டர் காரணம் இல்லையா?’ என்று மகன் கேட்டிருக்கிறார். ஜன்னலைத் திறந்து, காரில் போய், காத்திருந்து, ரத்தம் கொடுக்கும்போது மதியம் ஆகிவிட்டதாம். நல்ல காற்றைச் சுவாசித்தாலே நாலைந்து மணி நேரத்தில் அளவு பாதியாகிவிடும். மாஸ்க் வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகும். தாமதமாக எடுத்த ரத்தத்தில் குறைவாக இருந்தது என்பதற்காகக் காலையிலும் குறைவாகத்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. நான் ஹீட்டரைத்தான் சந்தேகப்படுவேன்.

மருமகளை இன்றே அழைத்துப்போங்கள் என்று நான் அவசரப்படுத்தியதற்குக் காரணம் வயிற்றில் இருக்கும் குழந்தை. சிசுவின் ஹீமோகுளோபின் பெரியவர்களுடையதைவிட இந்த வாயுவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். தாயின் ரத்தத்தில் ஏறியது மெதுவாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது; தாய்க்கு இறங்கிய பிறகும் அங்கே மெதுவாகத்தான் இறங்குகிறது. அதனால்தான் கர்ப்பிணிக்குத் தலைவலி போனதும் விட்டுவிடாமல், கூடுதல் நேரம் ஆக்சிஜன் கொடுப்போம். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால், கடவுளே வேண்டாம், ஆனாலும் நேர்ந்தால், அங்குள்ள டாக்டரிடம் ‘இஸ்ஸான்கா தான்ஸோ சூதோகு’ என்று மகனைச் சொல்லச் சொல்லுங்கள்; கார்பன் மோனாக்சைடு நச்சு என்று பொருள். ‘கர்ப்பிணி, தலைவலி, வாந்தி’ என்று மட்டும் சொன்னால் யாருடைய யோசனையும் மசக்கைக்குத்தான் போகும். யாராவது மயங்கினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 119-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, ஹீட்டருக்கு வருவோம். அது கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் குளிர்காலம் முழுக்க ஊர் ஊராக இதை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். நம் தெருவில் கோலமாவு வண்டி வருகிற மாதிரி அங்கே பாட்டுப் போட்டுக்கொண்டு மண்ணெண்ணெய் லாரியே வரும். ஆனால் உங்கள் வீட்டு ஹீட்டர் நண்பர் விட்டுப்போனது. கூடவே போன வருஷத்து எண்ணெயும் கேனோடு வந்ததாக மகன் எழுதியிருந்தார். அதைத்தான் நான் முதலில் கொட்டுவேன். சாக்கடையில் அல்ல, எண்ணெய் வாங்கும் பெட்ரோல் பங்கிலேயே கேட்டுக் கொடுத்துவிடலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் அந்த எண்ணெய் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல எண்ணெய் தண்ணீர் மாதிரியே இருக்கும். லேசாக மஞ்சள் தட்டினாலும் புளித்த வாடை வந்தாலும் கெட்டுவிட்டது. கெட்ட எண்ணெய் திரியில் தார் மாதிரி ஒட்டி இறுகும். திரி ஏற இறங்கச் சண்டித்தனம் செய்யும், தீ மஞ்சளாக நாக்கு நீட்டும், கரி பிடிக்கும், மோனாக்சைடு கூடும்.

திரியைச் சுத்தம் செய்ய நம் கை உடனே கத்தரிக்கோலைத் தேடும். ரேஷன் கிருஷ்ணாயில் ஸ்டவ்வில் பழகிய கை. இந்த ஹீட்டர்களில் பெரும்பாலும் இருப்பது கண்ணாடி இழைத் திரி, அதைக் கத்தரிக்கக் கூடாது. எண்ணெயை ஊற்றாமல், இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை எரியவிடவேண்டும்; ஒட்டியிருக்கும் தார் எரிந்து போகும். நெடி தாங்க முடியாது என்பதால் வீட்டுக்கு வெளியே வைத்து, பக்கத்தில் ஆள் இருந்து செய்யவேண்டும். உங்களுடையது பஞ்சுத் திரியாக இருந்தால் இப்படிச் செய்யக் கூடாது. எந்தத் திரி என்று கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஜப்பானிய மொழியில் இருந்தால் போன் கேமராவே மொழிபெயர்த்துக் காட்டும். அப்புறம், பற்றவைத்ததும் நடுவிலிருக்கும் உருளையின் கைப்பிடியை இரண்டு மூன்று தடவை இடமும் வலமும் அசைத்து, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சாய்ந்திருந்தாலே தீ ஒரு பக்கம் எழும்பிக் கரி கக்கும்.

இன்னொன்று, எண்ணெய் மிச்சம் பிடிக்கத் தீயைச் சிம்மில் வைப்பது. கேஸ் அடுப்பில் அது சிக்கனம். இங்கே அளவுக்கு மீறித் திரியை இறக்கினால் சரியாக எரியாமல் நெடியும் மோனாக்சைடும்தான் மிச்சம். கையேட்டில் காட்டியிருக்கும் அளவில் எரியவிடுங்கள். சூடு போதுமென்றால் அணைத்துவிடுங்கள்.

டேப்பை இன்றே பிய்த்துவிடுங்கள். தீ எரிய ஆக்சிஜன் வேண்டும், எரிந்த காற்று வெளியே போகவேண்டும். உங்களுடைய ஹீட்டருக்குப் புகைக்குழாய் கிடையாது, எரிந்ததெல்லாம் அறைக்குள்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஒன்றிரண்டு நிமிஷம் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்வது அங்குள்ள வழக்கம். எதிரெதிராக இரண்டைத் திறந்தால் காற்று ஓடும். சுவர் சூடு அதற்குள் ஆறிவிடாது. கண்ணாடியில் வழியும் தண்ணீருக்கும் இதுதான் பதில்: ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் அதிகமான தண்ணீர் நீராவியாக வரும். ஈரத்தைப் போக்கத்தானே ஹீட்டர் என்று நினைப்போம். அது அறைக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. சுவரில் வரும் கறுப்புப் புள்ளி பூஞ்சை. அதோடு இந்தத் தீயில் நைட்ரஜன் டையாக்சைடும் வரும், மூச்சுக்குழாயை உறுத்தும். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் இரண்டும் சேர்ந்து கிளப்பிவிடும்.

கொடியை அவிழ்த்துவிடுங்கள். காயும்வரை ஈரத்தின் கனத்தில் தொங்கும் துணி, காய்ந்ததும் லேசாகிச் சூட்டுக்காற்றில் ஆடி விழும். விழுவது தீயின் மேல். நீங்கள் புடவைத் தலைப்பையும் செருகிக்கொண்டு நடமாடுங்கள். தீக்காய வார்டில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், நைலான் சால்வை ஒரு நிமிஷம்கூடத் தராது.

எண்ணெய் ஊற்றுவதற்கு முன் ஹீட்டரை அணைத்து ஆறவிடவேண்டும். டேங்கை வாசலுக்கு எடுத்துப்போய் நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்து ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப மாட்டவேண்டும். பங்கில் மகன் தானே பிடிக்கிறார் என்றால் ஒரு எச்சரிக்கை. உத்சுனோமியா பக்கம் மண்ணெண்ணெய்க் கேன் சிவப்பு. ஆனால் பங்கில் மண்ணெண்ணெய்க் குழாய் நீலம். சிவப்புக் குழாய் பெட்ரோல்! சிவப்புக்குச் சிவப்பு என்று தூக்கக் கலக்கத்தில் பிடித்துவிட்டால் அந்த ஹீட்டர் குண்டுதான்.

குழந்தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். தூங்கும் அறையில் வேண்டாம், எவ்வளவு நன்றாக எரிந்தாலும் வேண்டாம். அந்த அறைக்குச் சூடு தரும் ஏ.சி. போதும். அங்கே பல வீடுகளில் குளிர்காலத்திலும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். கரண்டு பில் ஏறும் என்று மகன் முகம் சுளித்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். பகலில் ஹாலில் எரிக்கிறீர்கள் என்றால் ஆள் விழித்திருக்கும்போது, ஜன்னல் விரல் அளவாவது திறந்திருக்கும்போது மட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிவிடுங்கள். படுக்கையறைக் கூரையில் ஏற்கெனவே இருப்பது புகை அலாரம், இந்த வாயு வந்தால் அது வாய் திறக்காது.

குழந்தை தவழ ஆரம்பித்ததும் எண்ணெய்க் கேனையும் சொட்டும் பம்பையும் பூட்டி வைக்கவேண்டும். நான் படித்த காலத்தில் குழந்தைகள் வார்டில் கோடை வந்தால் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இருந்த கிருஷ்ணாயிலைக் குடித்துவிட்டு வரும் பிள்ளைகள்தான். பாதிப் பேருக்கு வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருப்பார்கள். அதுதான் கெடுதல். வயிற்றில் இருப்பதைவிட, வாந்தியோடு மேலே வந்து நுரையீரலுக்குள் போகும் எண்ணெய்தான் நிமோனியா கொண்டுவரும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்திலிருந்து வரும் பாட்டி பெட்டியில் சாம்பிராணி இல்லாமலா வந்திருப்பீர்கள்? குளிப்பாட்டிய குழந்தையின் தலையைக் கங்கில் சாம்பிராணி போட்டுக் காட்டி உலர்த்துவது நம் வழக்கம், தெரியும். என் அம்மாவும் எனக்குச் செய்தவள்தான். ஆனால் அது முற்றமும் ஓட்டுக் கூரையும் இருந்த வீடு. மூடிய அறையில் கரிக் கங்கு உங்கள் பழைய ஹீட்டரைவிட மோசமாக மோனாக்சைடு கக்கும். கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். குழந்தையின் தலையை மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்தாலே உலர்ந்துவிடும். சாம்பிராணி டப்பாவைத் திரும்ப ஊருக்கே எடுத்து வந்துவிடுங்கள்.