மறு: சார்ம் குவார்க் 1.35-ஐத் தாண்ட மாட்டேங்குது

சூடான பிளாஸ்மாவுக்குள் (குவார்க், குளுவான் துகள்களின் குழம்பு) சார்ம் என்னும் கனமான குவார்க்கைக் கணினியில் ஓடவிட்டால், உந்த வர்க்கச் சராசரி ஏன் குறைவாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு தோட்டத்து வீட்டுப் பழைய மடிக்கணினியில் இல்லை தம்பி, பிளாஸ்மா குவார்க்குக்குக் கொடுக்கும் தற்செயல் உதையின் அளவில். நிறை 1.5 ஜிஇவி (துகள் இயற்பியலின் ஆற்றல் அலகு), பிளாஸ்மாவின் வெப்பநிலை 0.3 ஜிஇவி, உந்த வர்க்கச் சராசரி 2.1-க்குப் பதில் 1.35 என்கிறீர்கள். 3 × 1.5 × 0.3 போட்டுப் பாருங்க, அதே 1.35! சார்பியல் சேராத நியூட்டன் கணக்குப்படி உங்கள் குவார்க் ஒழுங்காகவே சமநிலைக்கு வந்துவிட்டது.

இழுவையும் உதையும் சேர்ந்த லான்ஜெவின் சமன்பாட்டில், உதையின் வலுவைச் சொல்லும் விரவல் குணகத்தை இழுவை × நிறை × வெப்பநிலை என்று எழுதியிருப்பீர்கள். சார்பியல்படி, நிறை இருக்கும் இடத்தில் குவார்க்கின் ஆற்றல் வரணும். அதையும் ஒவ்வொரு காலப் படியின் முடிவிலுள்ள உந்தத்தில் எடுங்க. தொடக்கத்தில் எடுத்தால் இழுவையையும் திருத்தணும். (ஒரு தீபாவளி விடுமுறையே எனக்கு இதில் போனது.)

விரியாத, ஒரே சூட்டில் உள்ள பெட்டியில் பத்தாயிரம் குவார்க்கை ஓட்டி, உந்த வர்க்கத்தை ஆற்றலால் வகுத்துச் சராசரி எடுங்க. வெப்பநிலையின் மூன்று மடங்கு, 0.9, வரணும். சுங்கை சிப்புட் மழைக்குக் கரண்ட் போவதற்குள் முடிந்துவிடும்.

ஒன்று: இந்த முறை சின்னச் சின்ன உதைகளை நம்பியது. சார்மைவிடக் கனமான பாட்டம் குவார்க், குலை ஏற்றிய செம்பனை லோரி, சரளைக்கல் அதை அசைக்காது. சார்ம் வெறும் கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள். சூடு கூடக் கூட, மோதல்களை நேரடியாகக் கணக்கிடும் போல்ட்ஸ்மான் சமன்பாட்டோடு ஒப்பிடாமல் சார்ம் முடிவை நம்பாதீங்க.