கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஓவியம்

சேகரிப்பு அட்டை விளையாட்டுகளுக்குப் படம் வரைவது என் தொழில். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அட்டை இத்தனை சின்னது. ஒரிஜினலும் அதே அளவுதானா?

பதில்: இல்லை, பல மடங்கு பெரிது. 'மேஜிக்: தி கேதரிங்' என்ற விளையாட்டின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 63 மி.மீ., உயரம் 88 மி.மீ. அதிலும் படத்துக்குக் கிடைப்பது வழக்கமாக மேல்பாதிதான். அதனால் வரையும்போதே அடிக்கடி போனில் படமெடுத்து, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். இருட்டுக் குகையில் ஒரு வீரன் நிற்கிறான் என்று வையுங்கள். கரும்பச்சை உடையும் கருஞ்சாம்பல் பாறையும் பெரிய ஓவியத்தில் தனித்தனியாகத் தெரியும். சுருக்கினால் ஒன்றோடொன்று கலந்துவிடும். அவன் தலைக்குப் பின்னால் கொஞ்சம் வெளிறிய புகையைத் தீட்டினால் உருவம் பளிச்சென்று பிரிந்து வரும். எதிரே உட்கார்ந்து ஆடுபவர் அந்த அட்டையைத் தலைகீழாகத்தான் பார்க்கிறார். அவருக்கும் சட்டென்று அடையாளம் தெரிய வேண்டும். அதனால் முதலில் ஒளியும் நிழலும், வண்ணம் பிறகுதான்.

கேள்வி: என்ன வரைவது என்று யார் முடிவு செய்வார்கள் அண்ணா?

பதில்: விளையாட்டை வெளியிடும் நிறுவனத்தின் ஆர்ட் டைரக்டர் ஒரு குறிப்பு அனுப்புவார். எந்த இடம், என்ன நடக்கிறது, கண் முதலில் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த உலகத்தின் உடை, ஆயுதம், கட்டடங்களைக் காட்டும் கையேடும் கூடவே வரும். ஸ்கெட்ச் ஒப்புதலான பிறகே வண்ணத்தில் கை வைப்பேன். கை நீட்டியிருக்கும் திசையை மாற்றச் சொன்னால் பென்சிலில் அது சில நிமிட வேலை. ஆயில் பெயின்டில் பாதிப் படத்தையே மறுபடி தீட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: வெளியாகும் முன் நண்பர்களிடம் காட்டலாமா?

பதில்: கூடாது. ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

கேள்வி: ஒரிஜினல் ஓவியம் யாருக்குச் சொந்தம்?

பதில்: ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மேஜிக்கில் படத்தின் உரிமை நிறுவனத்துக்குப் போனாலும், கையால் தீட்டிய ஓவியம் பொதுவாக ஓவியரிடமே இருக்கும், அதை விற்கலாம். ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப், அதாவது ஓவியருக்கென்றே பின்பக்கத்தை வெள்ளையாக விட்டு அச்சிடும் அட்டைகளும் அவருக்குக் கிடைக்கும். அந்த வெற்றிடத்தில் சின்னதாக ஒன்று வரைந்து தரச் சொல்லிக் கேட்கும் சேகரிப்பாளர்கள் நிறைய. கணினியில் வரைந்தால் விற்பதற்கென்று தனியாக ஒரிஜினல் இருக்காது. பலர் இன்னும் தூரிகையை விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் அட்டை?

பதில்: மேஜிக்கில் கிறிஸ்டோபர் ரஷ் வரைந்த 'பிளாக் லோட்டஸ்' (கருந்தாமரை) அட்டை, 1993. ஒரே ஒரு கரும்பூ, அவ்வளவுதான். மேசையின் அந்தக் கோடியிலிருந்தும் அது பூ என்று தெரியும்.

கேள்வி: வேலை கேட்டு அனுப்பும் போர்ட்ஃபோலியோவில் (படத்தொகுப்பில்) என்ன வைக்கலாம்?

பதில்: வெறும் பின்னணியில் நிற்கும் உருவங்கள் போதாது. ஓர் இடம், அதில் நடக்கும் ஒரு செயல், இரண்டும் சேர்ந்த படங்களை வையுங்கள். சுமாரான படங்களைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். பார்ப்பவர் உங்கள் தரத்தை அவற்றை வைத்துத்தான் கணிப்பார். அனுப்பும் முன் எல்லாவற்றையும் கருப்பு-வெள்ளையாக்கி, அட்டை அளவுக்குச் சுருக்கி ஒருமுறை பாருங்கள்.